ஹாம்ஸ்டர் கூட்டுக் கம்பியைக் கடிப்பதை நிறுத்துவது எப்படி?

கம்பி கடிக்கிறது என்று செல்லப்பிராணிக் கடையில் போய்ச் சொன்னால், "பல் தேய்க்கத்தான்" என்று ஒரு மரக்கட்டையை விற்பார்கள். வாங்கிப் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கடி நிற்காது. ஹாம்ஸ்டரின் முன்பற்கள் சாகும்வரை வளர்வது உண்மைதான். அதை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் உரசியே அது சரிசெய்துகொள்ளும். கம்பியில் வாயை வைப்பது வெளியேற வழி தேடி. தோண்ட மண் இல்லை, ஓட இடம் இல்லை, இரவு முழுக்கச் செய்ய வேலையும் இல்லை. அப்படியே விட்டால் பல் உடையும், கோணலாக வளரும், மூக்கின் மேல் மயிர் போய்ப் புண்ணாகும்.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் சிரிய (Syrian) ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழமான படுக்கைகளில் (தோண்டுவதற்காகக் கூட்டின் அடியில் நிரப்பும் மரச்சீவல், காகிதம் போன்றவை) தனித்தனியாக வளர்த்துப் பார்த்த ஆய்வு 2006 இல் வெளியானது. 10 செ.மீ. படுக்கையில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. 80 செ.மீ. ஆழத்தில் கம்பி கடிப்பதே காணப்படவில்லை. இங்கே இலங்கைக் கடைகளில் கிடைக்கும் சின்னக் கம்பிக் கூடுகளின் அடித்தட்டில் ஒரு சாண் படுக்கைகூட நிற்காது. அதனால் இந்தச் செய்முறையில் பாதி வேலை படுக்கைதான்.

1. முதலில் இதைப் பாருங்கள்

ஒரே கூட்டில் இரண்டு இருந்தால் இன்றைக்கே பிரித்துவையுங்கள். சிரிய ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி. ஜோடியாக விற்றார்கள் என்பதற்காக ஜோடியாக வைக்கக் கூடாது. நாடி எச்சிலில் நனைந்திருந்தால், கடினமான விதையை விட்டுவிட்டு மெதுவானதை மட்டும் தின்றால், எடை குறைந்தால், அது பல் நோயாக இருக்கலாம். வேறெதற்கும் முன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பல் மஞ்சளாக, செம்மஞ்சளாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். வளர்ந்த பெண் ஹாம்ஸ்டர் நாலு நாளைக்கு ஒரு இரவு மட்டும் அமர்க்களம் பண்ணினால் அது அதன் இனப்பெருக்கச் சுழற்சி. அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

2. கம்பிக் கூட்டை விட்டு மீன்தொட்டிக்கு மாறுங்கள்

கடிக்கக் கம்பியே இல்லாத இடம் வேண்டும். என் தெரிவு நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. பழையது போதும். தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒதுக்கிவைத்த தொட்டி மலிவாகக் கிடைக்கும், நமக்கு ஒழுகினால் என்ன? குறைந்த அளவு 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் என்பார்கள். நாலடித் தொட்டி அகலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரப்பில் அதைத் தாண்டிவிடும்.

மூடிக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் (கம்பி வலை), கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் வெட்டியே தருவார்கள். அரை அங்குலக் கண் வாங்காதீர்கள், குட்டையின ஹாம்ஸ்டர் குட்டி அதற்குள்ளால் நழுவும். மரச்சட்டத்தில் அடித்து, வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள். மூடி முழுவதும் மெஷ்ஷாக இருக்கட்டும். பாதியைப் பலகையால் மூடினால் கொழும்பு வெக்கையில் உள்ளே அவியும்.

பிளாஸ்டிக் பெட்டியில் ஜன்னல் வெட்டி மெஷ் பூட்டுவதை நான் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் எட்டும் உயரத்தில் மெஷ் இருந்தால் கடி அங்கே இடம் மாறும், அவ்வளவுதான்.

3. படுக்கை: பலரும் சறுக்கும் இடம்

காகிதத்தைக் கொட்டி நிரப்பினால் ஆழம் இருக்கும், சுரங்கம் இருக்காது. ஹாம்ஸ்டர் தோண்டத் தோண்டக் கூரை சரிந்து விழும். நாலைந்து தடவை விழுந்ததும் தோண்டுவதை விட்டுவிட்டுப் பழையபடி மேலே வந்து சுவரைச் சுரண்டத் தொடங்கும். "ஆழமாகப் போட்டும் பலனில்லை" என்று சொல்பவர்களின் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் கதை.

தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு 25 செ.மீ. ஆழம், மிச்சத்தில் 8 செ.மீ. இதற்குச் சுமார் நூறு லீற்றர் படுக்கை போகும். வாசனையில்லாத காகிதப் படுக்கை மூன்று பங்கு, முயலுக்கு விற்கும் உலர்புல் ஒரு பங்கு. இரண்டையும் கலக்காமல் அடுக்குங்கள்: ஐந்து செ.மீ. காகிதம், அதன்மேல் மெல்லிய புல், பிறகு இரண்டு உள்ளங்கையாலும் நன்றாக அழுத்தம். மறுபடி காகிதம், புல், அழுத்தம். சுரங்கக் கூரையைத் தாங்குவது இந்தப் புல்தான். முடிந்ததும் இரண்டு விரலை உள்ளே குத்தி இழுங்கள், துளை அப்படியே நிற்க வேண்டும். தூர்ந்துபோனால் இன்னும் அழுத்துங்கள். ஆழமான பக்கத்தில் ஒரு டிஷ்யூ ரோல் அட்டைக்குழலைச் சரிவாகப் புதைத்து வாயை மட்டும் வெளியே விட்டால், முதல் இரவே உள்ளே இறங்கும்.

காகிதப் படுக்கை விலை அதிகம்தான். அலுவலகத்தில் துண்டாக்கிய வெள்ளைத் தாளும் உதவும். பொடித் துண்டாக வெட்டியதாகப் பாருங்கள், நீளக் கீற்று காலில் சுற்றும். ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் பொறுக்கி எடுங்கள். மொறட்டுவைப் பக்கத் தச்சுப் பட்டறைகளில் கிடைக்கும் மரத்தூள் வேண்டாம்: என்ன மரம், என்ன மருந்தடித்த பலகை என்று தெரியாது, தூசு நுரையீரலைக் கெடுக்கும். தும்புத்தூள் நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பஞ்சு அறவே கூடாது.

4. சக்கரம்

சிரிய இனத்துக்கு 28 செ.மீ. விட்டம், குட்டையினத்துக்கு 20 செ.மீ. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது. கம்பிச் சக்கரம் வேண்டாம், கால் சிக்கும். தளம் மூடியதாக இருக்கட்டும்.

ஒன்றரை அடி என்றால் 45 செ.மீ. 25 செ.மீ. படுக்கையின் மேல் இந்தச் சக்கரம் நிற்காது, மூடியில் இடிக்கும். ஆழம் குறைந்த பக்கம் அதற்காகத்தான். எட்டு செ.மீ. உயரக் கால்கள் வைத்த பலகையொன்றைக் கண்ணாடித் தரையில் ஊன்றி, சக்கரத்தை அதன்மேல் வையுங்கள். பாரமான எதையும் படுக்கையின் மேல் நேரே வைக்கவே கூடாது. அடியில் சுரங்கம் போனால் பாரம் இறங்கி உள்ளே இருப்பதை நசுக்கும். தண்ணீர்க் கிண்ணமும் ஒரு தரை டைல் துண்டும் அதே பலகையில். டைல் குளிர்ச்சி, பகலில் அதில் வயிறு பட நீட்டிப் படுக்கும்.

5. சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள்

சிரிய ஹாம்ஸ்டருக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி தானியம் போதும். தினை, குரக்கன், நெல், பயறு, இரண்டு மூன்று சூரியகாந்தி விதை. எல்லாவற்றையும் படுக்கைமேல் தூவி, பாதியைக் கையால் உள்ளே கிளறிவிடுங்கள். தேடிப் பொறுக்கிக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய்ப் புதைப்பதுதான் அதன் இராவேலை. கடிக்கச் சிரட்டை, மருந்தடிக்காத கொய்யாக் கொப்பு. கொப்பைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

6. கடிக்கும்போது எழுந்து போகாதீர்கள்

கூடு மாறும்வரை, மாறிய பிறகும் சில வாரங்களுக்கு, இது முக்கியம். சத்தம் தாங்காமல் ஒரு விதை கொடுத்தால், அல்லது கதவைத் திறந்து வெளியே எடுத்தால், "கடித்தால் ஆள் வரும்" என்று அது பழகிவிடும். அதட்டினாலும் கூட்டைத் தட்டினாலும் பயந்து இன்னும் கடிக்கும். வெளியே எடுப்பதைக் கடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரத்தில், முடிந்தால் தினமும் ஒரே வேளையில் செய்யுங்கள். கம்பியில் மிளகாய், தேசிக்காய்ச் சாறு, வேப்பெண்ணெய் பூசச் சொல்வார்கள். செய்யவே வேண்டாம். கண்ணும் வாயும் எரியும், தவிப்பு அப்படியே இருக்கும்.

பிறகு சேர்த்தவை

எறும்பு: தூவிய தானியத்துக்கு வரும். தொட்டி நிற்கும் மேசையின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். எறும்புச் சோக் கிட்டவும் வரக்கூடாது, அது நஞ்சு. கரட், வெள்ளரித் துண்டு போட்டால் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

வெக்கை: மார்ச், ஏப்ரலில் ஜன்னலோரத்தில் தொட்டி வேண்டாம், கண்ணாடி அடுப்பாகும். உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே கண்ணாடியோடு ஒட்டி வைக்கலாம்.

சுத்தம்: முழுப் படுக்கையையும் ஒரேயடியாக மாற்றினால் தன் மணம் போய்விட்டதென்று பதறி மறுபடி சுரண்டும். சிறுநீர் மூலையை இரண்டு நாளைக்கொரு தடவை அள்ளுங்கள். மிச்சத்தை மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

உடனே பெரிய தொட்டி வாங்க முடியாதவர்கள் இப்போதிருக்கும் கூட்டின் உள்சுவரில் 20 செ.மீ. உயரத் தடித்த அட்டையை நிறுத்தி, படுக்கையை அதுவரை நிரப்புங்கள். அட்டையை அது கடித்துத் தள்ளும், வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிவரும். தொட்டி கிடைக்கும்வரை அது போதும்.