ஸ்டெயின்லெஸ் போன்சாய் கருவியும் துருப்பிடிக்கும்: வருஷக்கணக்கில் உழைக்க வைப்பது எப்படி

கூடுதல் காசு கொடுத்து ஸ்டெயின்லெஸ் கருவி வாங்கிவிட்டால் அப்புறம் துடைக்கிற வேலையே இல்லை என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன். கடலுக்குப் பக்கத்தில் வீடு, கை கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில். இரண்டாவது மழைக்காலத்தில் கான்கேவ் கட்டரை (கிளையை அடியோடு உட்குழிவாக வெட்டியெடுக்கிற கருவி) திறந்தால் மூட்டுக்குள்ளிருந்து பழுப்பாகக் கசிந்தது. வெளியே பளபளவென்றுதான் இருந்தது, அதனால்தான் அத்தனை நாளும் கண்ணில் படவில்லை.

என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபம். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே உட்காரும். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் படலம் தானாகவே திரும்ப உருவாகிவிடும். காற்று படாமல், ஈரமும் உப்பும் தேங்கி நிற்கிற இடத்தில்தான் சிக்கல். கருவியில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு: மூட்டு, காய்ந்த பிசினுக்கு அடியில்.

படி 1: காந்தம் வைத்துப் பாருங்கள்

காந்தம் ஒட்டினால் போலி என்று சொல்வார்கள், வெட்டும் கருவிக்கு அது பொருந்தாது. நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் வருகிற 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. துரு எளிதில் பிடிக்காது, ஆனால் சூடாக்கிக் குளிர்வித்து அதைக் கடினப்படுத்த முடியாது, கூர் நிற்காது. கட்டருக்குக் கடினம் வேண்டும், அதற்குக் கார்பன் வேண்டும், அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். 420 போன்ற கத்தி ரகங்களில் குரோமியமே 12 முதல் 14 சதவீதம்தான். அவற்றில் காந்தம் ஒட்டும், துருவும் பாத்திரத்தைவிடச் சீக்கிரம் பிடிக்கும். சாமணம், வேர் கொக்கி மாதிரியானவை காந்தம் ஒட்டாத ரகமாக இருந்தால் ரொம்ப நல்லது.

படி 2: வெட்டும்போது

கான்கேவ் கட்டரால் கம்பியை வெட்டவே வெட்டாதீர்கள், மெல்லிய அலுமினியக் கம்பியாக இருந்தாலும் சரி. அலகின் அகலத்தில் பாதிக்கு மேல் தடிமனான கிளையை ஒரே கடியில் எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று தடவையாகக் கடித்து எடுங்கள். கிளை அசையவில்லை என்று கருவியை இப்படியும் அப்படியும் திருகினால் விளிம்பில் சில்லு பெயரும். கடினமான எஃகு வளையாது, உடையும். மண் ஒட்டிய வேருக்குத் தனி கட்டர் வைத்துக்கொள்ளுங்கள், மணல் துகள் கூரைத் தின்றுவிடும்.

படி 3: வேலை முடிந்த ஐந்து நிமிடம்

என்னைக் கேட்டால் கருவியின் ஆயுள் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஆல், அரசு, இச்சி மாதிரி மரங்களின் பால் ஈரமாக இருக்கும்போதே நனைந்த துணியால் துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டதா, ஒரு சொட்டு எண்ணெய் தடவி ஊறவிட்டு அப்புறம் ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள். ஜூனிப்பர், பைன் பிசினுக்கு டர்பன்டைன். பிறகு கருவியை முழுதாகத் திறந்து பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டைத் தேயுங்கள், உலர்ந்த துணியால் துடைத்துக் கொஞ்ச நேரம் திறந்தபடியே காற்றில் வையுங்கள்.

நோய் கண்ட செடியை வெட்டினால் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தால் போதும். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடாதீர்கள், அதிலுள்ள குளோரின் அந்தப் படலத்தை அரித்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழவைக்கும். கடற்காற்றும் உவர்த் தண்ணீரும் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான், கொஞ்சம் மெதுவாக.

படி 4: எண்ணெய்

ஜப்பானில் வெட்டுக் கருவிகளுக்குக் காமெலியா எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். நமக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும்: மூட்டில் ஒரு சொட்டு விட்டு நான்கைந்து தடவை திறந்து மூடி, மிச்சத்தை அலகில் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆக பிசுபிசுத்து அதுவே அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்துணிப் பையில் சுருட்டி வைப்பதும், நனைந்த கார்பன் ஸ்டீல் (ஸ்டெயின்லெஸ் அல்லாத) கருவியோடு ஒட்டிப் போட்டு வைப்பதும் கூடாது.

படி 5: புள்ளி வந்துவிட்டால்

துரு நீக்கும் ரப்பர் கட்டி கிடைக்கிறது, இல்லையென்றால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேயுங்கள். சாதாரண இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் எஃகில் பதிந்து அவையே துருப்பிடிக்கும், மறுவாரம் கருவிதான் மோசம் என்று தோன்றும்.

படி 6: கூர் தீட்டுதல்

1000 நம்பர் தண்ணீர்க் கல்லை எடுத்து, வெளிப்பக்கச் சாய்வை மட்டும், ஏற்கனவே இருக்கிற கோணத்திலேயே மெதுவாகத் தீட்டுங்கள். உள்பக்கத்தைத் தொட வேண்டாம். பல கான்கேவ் கட்டர்களில் மூடும்போது ஓர் அலகு மற்றதன் மேல் சற்றே ஏறி நிற்கும், அது குறையல்ல, இரண்டு கூரும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. சமப்படுத்துகிறேன் என்று அரம் போட்டுவிடாதீர்கள். தீட்டியதும் வேண்டாத ஒரு பச்சைக் குச்சியை வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயின் ஓரத்தில் பட்டை நசுங்காமல் வழவழப்பாக இருந்தால் சரி, நசுங்கியிருந்தால் இன்னும் பத்து இழுப்பு.