விசுவாசமா, கிரியையா? வேதபாட வகுப்பு எடுப்பவர்களுக்குச் சில யோசனைகள்

வேதபாட வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: "கடவுள் முன் மனிதன் நீதிமானாவது எதனால்? புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் பவுல் விசுவாசத்தினாலே என்கிறார், யாக்கோபு கிரியைகளினாலேயும், அதாவது செயல்களினாலேயும், என்கிறார். யார் சொல்வது சரி?" ஆரம்ப காலத்தில் இதைக் கேட்டவுடன் கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் பவுல், அந்தப் பக்கம் யாக்கோபு என்று அட்டவணை போட்டுவிடுவேன். அதை மட்டும் செய்யாதீர்கள். கோடு விழுந்த மறு நிமிடமே வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். பிறகு யாரும் வேதாகமத்தைப் புரட்ட மாட்டார்கள், குரலைத்தான் உயர்த்துவார்கள்.

இரண்டு வசனங்களையும் சத்தமாக வாசிக்கச் சொல்லித் தொடங்குங்கள். பவுல் எழுதிய ரோமர் 3:28இல் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசத்தினாலேயே' என்கிறது. யாக்கோபு 2:24இல் 'விசுவாசத்தினாலேமாத்திரம் அல்ல' என்கிறது. அந்த ஏகாரத்தில் சற்று நில்லுங்கள். நம் ஏகாரம் செய்கிற வேலையைத்தான் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்துச் செய்தார். கிரேக்க மூலத்தில் அந்த வசனத்தில் அச்சொல் இல்லை. 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் புதிய ஏற்பாட்டில் வருவதே யாக்கோபில்தான், அதுவும் 'அல்ல' என்று மறுப்பதற்காக! இதைக் கேட்டதும் வகுப்பில் ஓர் அமைதி விழும். அதைக் கெடுக்காதீர்கள்.

யாராவது கத்தோலிக்கர் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்திருந்தால் அதிர்ஷ்டம். அதில் 'விசுவாசம்' இருக்காது, 'நம்பிக்கை' இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசுவாசமான வேலைக்காரன் என்று யாரைச் சொல்கிறோம்? சொன்ன வேலையைச் செய்கிறவனை. நம்பிக்கை என்றாலோ மனம் ஒருவரிடம் சாய்ந்திருப்பது. மூலத்திலுள்ள 'பிஸ்திஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் இரண்டுமே உண்டு. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

மீதிப் பாதிக்கு ஆபிரகாமிடம் போக வேண்டும். பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு இழுப்பது ஒரே வசனத்தை: ஆதியாகமம் 15:6. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற வசனம். ஆபிரகாமின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலையை வகுப்பிடமே கொடுங்கள். இஸ்மவேல் பிறந்தபோது 86 (16:16). விருத்தசேதனம், அதாவது நுனித்தோல் நீக்கும் சடங்கு, செய்துகொண்டபோது 99 (17:24). ஆக, 'நீதியாக எண்ணப்பட்ட' நாளுக்கும் கத்தி பட்ட நாளுக்கும் இடையில் குறைந்தது 13 வருடங்கள். ரோமர் 4:10இல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். யாக்கோபு இன்னும் பல வருடங்கள் தள்ளிப் போய், ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் 22ஆம் அதிகாரத்தில், விறகு சுமக்கிற அளவுக்கு அவன் வளர்ந்த பிறகு, அதே வசனம் 'நிறைவேறிற்று' என்கிறார். ஒருவர் விதைத்த நாளைப் பார்க்கிறார், மற்றவர் அறுப்பு நாளை.

எதிரில் நிற்கும் ஆளும் வேறு. பவுலுக்கு எதிரில் நிற்பவன், விருத்தசேதனமும் மோசேயின் நியாயப்பிரமாணமும் இல்லாமல் சபைக்குள் விட மாட்டேன் என்கிறவன். யாக்கோபுக்கு எதிரில் நிற்பவன், உடுத்தவும் உண்ணவும் இல்லாதவரிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாழ்த்தி அனுப்புகிறவன். வெறுங்கையோடு வாழ்த்துகிறவனை எனக்கும் பிடிக்காது.

சபை வரலாற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் லூத்தர் தரப்புக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்தது என்று சொல்லிவிடாதீர்கள், தீரவில்லை.

அடுத்து எபேசியர் 2. சிறுவயதில் 8, 9 வசனங்களை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். பத்தாம் வசனத்தை யாரும் கேட்கவில்லை. அது 'ஏனெனில்' என்று தொடங்குகிறது, முந்தியதோடு ஒட்டியது. ஒன்பதில் 'கிரியைகளினால் உண்டானதல்ல', பத்தில் 'நற்கிரியைகளைச் செய்கிறதற்கு'. ஆல் உருபும் கு உருபும்! பள்ளியில் கசந்த வேற்றுமை இலக்கணம் இங்கே உதவிக்கு வருகிறது. கரும்பலகையில் எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டு உருபுகளை எழுதுங்கள்.

இவ்வளவும் வகுப்புக்கு. தனியாக ஒருவர் வந்து கேட்டால், கேள்வியைவிட ஆளைப் பாருங்கள். இரட்சிப்பு உறுதி என்று சொல்லிக்கொண்டே வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்திருப்பவருக்கு யாக்கோபு 5:4ஐ வாசித்துக் காட்டுங்கள். அங்கே அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது. பயந்து போனவரிடம் யாக்கோபை வாசிக்காதீர்கள். நான் வாசித்தேன். படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டி, "தம்பி, நான் போதிய நன்மை செய்தேனா?" என்று கேட்டார். 'கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது' என்று தொடங்கி நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். எந்த விளக்கமும் சொல்லாமல் லூக்கா 23இல் சிலுவையில் தொங்கியபடியே இயேசுவிடம் வேண்டிப் பரதீசின் வாக்கைப் பெற்ற கள்ளனின் கதையை மட்டும் வாசித்தேன். நெடுநேரம் கழித்துக் கேட்டார்: "அவனால் கையைக்கூட அசைக்க முடியாதே, தம்பி?"

"முடியாது, அம்மா" என்றேன்.