மண்குடமா, பொன்குடமா? வல்லரசுகளின் இரட்டைப் பேச்சை ஆவணத்தோடு நிரூபிப்பது எப்படி

பட்டர்வொர்த்தில் சனிக்கிழமைகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்குச் சொற்போர் பயிற்சி கொடுக்கிறேன். காஸா, உக்ரைன், ஈராக் என எந்தத் தலைப்பு வந்தாலும் "அவனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம்" என்று ஒரு பிள்ளை முழங்கும். கைத்தட்டலும் கிடைக்கும். எதிரணி ஆதாரம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். பிள்ளை சொல்வது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மை என்பதால்தான் அதை எவராலும் தட்ட முடியாதபடி வைக்க வேண்டும். அதற்கு நான் கற்றுக்கொடுக்கும் முறை இது.

தேவையானவை: இணைய வசதி, ஒரு கோடு போட்ட நோட்டு. எக்ஸெல் வேண்டாம் என்பது என் கட்சி. பக்கத்தின் நடுவே கோடு கிழித்து இரண்டு வாக்கியங்களையும் எதிரெதிரே கையால் எழுதும்போது கண்ணுக்குப் படுவது, திரையில் நகர்த்திப் பார்க்கும்போது படுவதில்லை.

படி 1: ஒரே வாய், ஒரே செயல்

அமெரிக்கா ஈராக்கில் செய்ததையும் ரஷ்யா உக்ரைனில் செய்ததையும் அருகருகே வைத்தால் இருவரும் படையெடுத்தார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான். இரட்டை வேடத்தைக் காட்ட வேண்டுமானால் ஒரே நாடு ஒரே மாதிரியான செயலைப் பற்றி இரண்டு முறை பேசியிருக்க வேண்டும்: ஒருமுறை எதிரி செய்தபோது, ஒருமுறை தானே செய்தபோது.

நான் எடுப்பது பயணிகள் விமானங்கள். 1983 செப்டம்பர் 1: சோவியத் போர் விமானம் கொரிய விமானம் 007-ஐச் சுட்டு வீழ்த்தியது, 269 பேர் இறந்தார்கள். 1988 ஜூலை 3: அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655-ஐப் பாரசீக வளைகுடாவில் வீழ்த்தியது, 290 பேர். இரண்டு முறையும் அமெரிக்க அதிபர் ரீகன்தான். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது.

படி 2: சொன்னதைச் சொன்னபடி எடுங்கள்

வாட்ஸ்ஆப்பில் வரும் துணுக்கு, யூடியூப் வெட்டு எதுவும் வேண்டாம். ரீகன் அதிபர் நூலகத்தின் இணையத்தளத்தில் உரைகள் தேதிவாரியாக முழுமையாக இருக்கின்றன. 1983 செப்டம்பர் 5 உரையில் அவர் சொன்னது: மனிதகுலத்துக்கு எதிரான குற்றம். 1988 ஜூலை 3 அறிக்கையில் சொன்னது: பயங்கரமான மனித சோகம், கப்பல் எடுத்தது முறையான தற்காப்பு நடவடிக்கை. முதலாவதை இடப்பக்கம், இரண்டாவதை வலப்பக்கம் எழுதுங்கள்.

படி 3: பாதுகாப்பு மன்றத்தில் என்ன நடந்தது?

பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. ஐ.நா. மின்னூலகத்தில் பாதுகாப்பு மன்றத் தீர்மானங்களை வரிசையாகப் புரட்டினால் கொரிய விமானம் பற்றிய தீர்மானம் கிடைக்கவே கிடைக்காது. காரணம், வீட்டோவால் (நிரந்தர உறுப்பு நாடு ஒன்றின் தடுப்பு வாக்கால்) விழுந்த வரைவுக்குத் தீர்மான எண் கொடுக்கப்படுவதில்லை. தோற்றது பட்டியலிலேயே இல்லாமல் போகிறது. ஆகவே தீர்மான எண்ணை விட்டுவிட்டு, ஐ.நா.வின் டாக் ஹாமர்ஷோல்ட் நூலகம் வைத்திருக்கும் வீட்டோ பட்டியலுக்குப் போங்கள். அதில் தேதி, வரைவின் குறியீடு, கூட்டக் குறிப்பு, வீட்டோ செய்த நாடு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 1983 செப்டம்பர் 12-க்கு நேரே பார்த்தால் சோவியத் வீட்டோ தெரியும். வரைவுக்குக் கிடைத்த ஆதரவு 9 வாக்கு; நிறைவேறத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையும் அதுவே.

ஆனால் வீட்டோவை மட்டும் தேடினால் 1988 உங்கள் கையிலிருந்து நழுவிவிடும். அப்போது அமெரிக்காவுக்கு வீட்டோவே தேவைப்படவில்லை. தீர்மானம் 616 ஒருமனதாக நிறைவேறியது, அமெரிக்காவும் கை தூக்கியது. வாசகத்தைப் படியுங்கள். அமெரிக்கக் கப்பலின் ஏவுகணை என்று இருக்கிறது, ஆழ்ந்த வேதனை, வருத்தம் என்று இருக்கிறது, கண்டனம் என்ற சொல் இல்லை. வல்லரசு தப்பிக்கும் வழி எப்போதும் வீட்டோ அல்ல. வாசகத்தை மென்மையாக்கிவிட்டாலே போதும்.

வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் தூதர்கள் கொடுக்கும் விளக்கங்கள் 'எஸ்/பிவி' என்று தொடங்கும் கூட்டக் குறிப்புகளில் சொல்லுக்குச் சொல் இருக்கும். நாடுகள் தங்கள் நியாயத்தைச் சொல்லும் இடம் அதுதான், தவறவிடாதீர்கள்.

படி 4: வித்தியாசம் உண்மையா, சாக்கா?

எதிரணி கட்டாயம் "இரண்டும் ஒன்றல்ல" என்று சொல்லும். ஓரளவு சரியும்கூட. கொரிய விமானம் வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் போயிருந்தது. வின்சென்ஸ் அன்று காலை ஈரானியப் படகுகளோடு மோதலில் இருந்தது, வந்தது போர் விமானம் என்று நினைத்தது. அதையும் எழுதுங்கள். அப்புறம் இதையும் எழுதுங்கள்: ஈரான் விமானம் தனக்குரிய வான்பாதையில் மேலேறிக்கொண்டிருந்தது, கீழிறங்கியது என்று முதலில் சொல்லப்பட்டது தவறு என்று அமெரிக்கக் கடற்படையின் விசாரணையே பிறகு காட்டியது. கேள்வி இதுதான்: தவறாக அடையாளம் கண்டோம் என்ற சமாதானத்தைத் தனக்கு எடுத்துக்கொண்ட நாடு, அதை 1983-ல் எதிரிக்குக் கொடுத்ததா? கொடுக்கவில்லை.

1996-ல் அமெரிக்கா சட்டப்பொறுப்பை ஏற்காமலேயே குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். நமக்குச் சாதகமில்லாத தகவலை மறைத்தால் நாம் எதைக் கண்டிக்கிறோமோ அதையே செய்கிறோம்.

படி 5: உங்களுக்குப் பிடித்த பக்கத்தையும் சோதியுங்கள்

நம் மாமாக் கடைகளில் அமெரிக்காவை எதிர்ப்பவர் எல்லாம் நல்லவர் என்ற பேச்சு அதிகம். அது என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் மூன்றாவது விமானம் நம்முடையது. 2014 ஜூலை 17, உக்ரைன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17, 298 பேர், அதில் 43 பேர் மலேசியர்கள். காரணமானவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்மானம் 2166-க்கு நான்கு நாளில் ரஷ்யாவும் ஆதரவாக வாக்களித்தது. அதே பொறுப்பை விசாரிக்கத் தனி அனைத்துலகத் தீர்ப்பாயம் கேட்டு மலேசியா கொண்டுபோன வரைவை 2015 ஜூலை 29 அன்று அதே ரஷ்யா வீட்டோ செய்தது. ஆதரவு 11, எதிர்ப்பு 1, நடுநிலை 3. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்கு மாஸ்கோவிலும் செல்லுபடியாகிறது.

தனியாகப் பயிற்சி செய்ய இரண்டு ஜோடி தருகிறேன். புடின் மீது 2023-லும் நெதன்யாகு மீது 2024-லும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த கைது ஆணைகளைப் பற்றி பைடன் சொன்னவை. தென்சீனக் கடல் பற்றிய 2016 நடுவர் தீர்ப்பைச் சீனா ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தும் அமெரிக்கா, அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான ஐ.நா. கடல்சட்ட ஒப்பந்தத்தில் தானே இன்னும் சேராதது. சரவாக் கடற்கரைக்கு அப்பால் இருக்கும் பெத்திங் பத்திங்கி அலி என்ற பவளத்திட்டுப் பக்கம் சீனக் கப்பல்கள் வருவதால் இரண்டாவது நமக்கு நேரடியாகவே தேவை. சீனாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பிற்சேர்க்கை: கூட்டக் குறிப்பின் ஆங்கிலம் கடினமாக இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஐ.நா. அதை ஆறு மொழிகளில் வெளியிடுகிறது. சீனப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் சீனப் பிரதியைத் தாராளமாகப் படிக்கலாம்.

இன்னொரு பிற்சேர்க்கை: "மலேசியாவை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நாம் வல்லரசு இல்லை, ஆனால் சோதனை ஒன்றுதான். இடப்பக்கம்: 2015-ல் எம்.எச்.17-க்குத் தனி அனைத்துலகத் தீர்ப்பாயம் கேட்டோம். வலப்பக்கம்: அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சில் சேர்ந்து, உள்நாட்டு எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே விலகினோம். படி 4-ஐ இதற்கும் போடுங்கள்: அன்று சொல்லப்பட்ட காரணங்கள் உண்மையான வித்தியாசமா, சாக்கா? அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதைத்தான் எடுக்கப்போகிறோம், நோட்டோடு வாருங்கள்.