விற்கும்வரை பூட்டிக் கிடக்கும் வீடு: இன்ஷூரன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் அக்காவும் தம்பியும் என்னைப் பார்க்க வந்தார்கள். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது, விற்றுத் தர வேண்டும் என்றார்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு சார். அம்மா கணக்குலேர்ந்து பிரீமியம் தானா போயிடுது" என்றார் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 16 வருடங்களுக்கு முன் என் அப்பா வீட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாரிசுகளுக்கு வந்த வீடுகளை விற்றுக் கொடுப்பது இன்று என் தொழில். ஜன்னலைச் சாத்துங்கள், நல்ல பூட்டாகப் போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரீமியம் போகிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புவது

அப்பா போன பிறகு அந்த வீட்டில் யாரும் இல்லை. நான் இருந்தது வேறு ஊரில். பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. இணையத்தில் படிவத்தைத் திறந்தால் போன வருட விவரங்கள் அப்படியே நிரம்பி நின்றன. அப்பாவின் பெயர், அதன் கீழே 'உரிமையாளர் வசிக்கிறார்', கடைசியில் 'மாற்றம் ஏதும் இல்லை' என்று ஒரு கட்டம். டிக் செய்தேன், பணம் கட்டினேன், ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதியானேன்.

மூன்று மாதம் கழித்து வீடு பார்க்க ஒருவரை அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம். மாடிக் குளியலறையில் ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாய் விட்டுப் போயிருந்தது. வீட்டில் ஆள் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் வால்வை மூடியிருப்பார்கள். அங்கே எத்தனை நாள் ஓடியது என்பதைத் தண்ணீர் மீட்டரை வைத்துத்தான் கணக்குப் போட முடிந்தது: ஏறக்குறைய 18 நாள். கூரைப் பூச்சு பெயர்ந்து ஹாலில் விழுந்திருந்தது. கதவுகள் உப்பியிருந்தன, சுவிட்ச் போர்டுகளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பார்க்க வந்தவர் உள்ளே வராமலே திரும்பிவிட்டார்.

கிளெய்ம் போட்டேன். சேதத்தை மதிப்பிட வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் குழாயைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "கடைசியா இந்த வீட்டில் யார், எந்தத் தேதியில் படுத்துத் தூங்கினாங்க?" என்று கேட்டார். அப்புறம் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டார். மாதக்கணக்கில் மின்சாரமே ஓடவில்லை என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. சொன்ன காரணங்கள் இரண்டு. பாலிசி அனுமதித்த நாட்களைத் தாண்டி வீடு ஆளில்லாமல் இருந்தது ஒன்று. புதுப்பிக்கும்போது நான் கொடுத்த விவரம் உண்மையில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்தபோது கூசிப் போனேன். யாரையும் ஏமாற்ற நினைத்து நான் அந்த டிக்கைப் போடவில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் நிற்பதே முழு நம்பிக்கையின் மேல்தான். வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாலிசியை எடுத்துப் படித்தேன். எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது.

ஆளில்லா வீட்டுக்கு ஏன் தனிக் கணக்கு என்று கேட்பார்கள். வீட்டில் ஆள் இருந்தால் சின்னக் கசிவு கசிவாகவே நின்றுவிடும். யாரும் இல்லாதபோது அதே கசிவு வீட்டையே நாசமாக்கும். அதனால் பெரும்பாலான பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் என்று ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். இந்தியாவில் நெடுங்காலம் வழக்கில் இருந்த பொதுத் தீ பாலிசியில், முன்கூட்டியே ஒப்புதல் வாங்காமல் வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பே நின்றுவிடும். இதில் இன்னொன்றும் உண்டு. சொத்து உயில் மூலமோ சட்டப்படியோ வாரிசுக்குப் போனால், அந்தக் காரணத்துக்காக மட்டும் பாலிசி நிற்காது என்று அதே நிபந்தனையின் அடுத்த வரி சொல்லும். அந்த வரியை யாராவது சொல்லக் கேட்டுவிட்டு, முந்தைய வரியைப் படிக்காமலே தெம்பாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வீட்டுப் பாலிசிகளில் பொதுவாக முழுப் பாதுகாப்பும் போகாது. 60 நாளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த வீட்டில் யாராவது புகுந்து செய்யும் நாசம், உடையும் கண்ணாடி போன்ற சிலவற்றுக்குத்தான் பணம் வராது.

நாட்களை எண்ணுவது கடைசியாக ஒருவர் அங்கே வாழ்ந்த தேதியிலிருந்து. காரியம் முடிந்த நாளோ வாரிசுச் சான்றிதழ் வந்த நாளோ இதில் கணக்கில்லை. கடைசிக் காலம் மருத்துவமனையில் கழிந்திருந்தால், இறந்த அன்றே வரம்பு தாண்டியிருக்கலாம். வாரம் இரண்டு முறை ஒருவர் வந்து பெருக்கிவிட்டுப் போவதை வசிப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் முதல் வாரத்திலேயே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். யார் இறந்தார், வாரிசுகள் யார் யார், வீடு எந்தத் தேதியிலிருந்து காலி, விற்கப் போகிறோம் என்ற நான்கு விவரமும் அதில் இருக்க வேண்டும். ஒப்புதலையும் எண்டார்ஸ்மென்டாக, அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தைச் சொல்லும் இணைப்பாக, எழுத்திலேயே வாங்குங்கள். போனில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னது கிளெய்ம் நாளில் உதவாது. அவர்கள் பிரீமியத்தை ஏற்றலாம், பாதுகாப்பைக் குறைக்கலாம், முடியாது என்றுகூடச் சொல்லலாம். முடியாது என்றால் ஆளில்லா வீட்டுக்கான தனிப் பாலிசி கிடைக்கிறதா என்று உடனே தேடலாம்.

"சொன்னா ஏத்திடுவாங்களே சார்" என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லாமல் கட்டும் குறைந்த பிரீமியத்துக்குக் கையில் எதுவுமே மிஞ்சாது. அந்த ஒரு டிக்கால், அப்பாவின் வீட்டை நாங்கள் கேட்ட விலையில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் விற்க முடிந்தது. என் தங்கையின் பங்கும் சேர்ந்தே போனது.

விற்பனைக்காகச் சாமான்களை ஒழித்துவிடுவது

ஆள் இல்லாத வீடும், ஆளும் பொருளும் இல்லாத வெற்று வீடும் பல பாலிசிகளில் வேறு வேறு. கட்டில், அலமாரி எல்லாம் இருந்தால் யாரோ திரும்பி வரப் போகும் வீடு. அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று வீடு அடுத்த வகைக்கு மாறுகிறது, விதிகளும் இறுகுகின்றன. ஒழிப்பது தவறில்லை, வாங்க வருபவர்களுக்கு அறைகள் பெரிதாகத் தெரியும். ஒழிப்பதற்கு முன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

'தீ மட்டும்' என்பதைக் கவனிக்காமல் விடுவது

அந்த அக்காவும் தம்பியும் மறுநாளே கடிதம் அனுப்பினார்கள். பதிலாக வந்த எண்டார்ஸ்மென்டில் தீ, இடி போன்றவை இருந்தன. திருட்டும் தண்ணீர் சேதமும் இல்லை. காலி வீடுகளுக்கு இப்படித்தான் அடிக்கடி வரும். இருவரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முதன்மை வால்வை மூடினார்கள், மேல்தொட்டியையும் குழாய்களையும் வடித்தார்கள். பாலிசி ஏற்காத ஆபத்தை நாமே குறைப்பதுதான் வழி.

போய்ப் பார்த்ததற்குப் பதிவு வைக்காதது

7 அல்லது 14 நாளுக்கு ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், கையெழுத்து. போனில் அறைக்கு ஒரு படம். இந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டால் நோட்டையும் அவரிடமே கொடுங்கள்.

விற்கும் விலைக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது

நிலம் எரியாது. கட்டடத்தை இடித்து அகற்றி, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் அளவு. பழைய பாலிசியில் அப்பா காலத்துத் தொகை கிடக்கும், அதுவும் ஆபத்து. திரும்பக் கட்ட 100 பங்கு ஆகும் வீட்டை 60 பங்குக்கு இன்ஷூர் செய்திருந்தால், 20 பங்கு சேதத்துக்கு 12 பங்குதான் கொடுப்பார்கள். குறைவாக இன்ஷூர் செய்த அதே விகிதத்தில் கிளெய்மையும் குறைக்கும் 'சராசரி விதி' உள்ள பாலிசிகளில் கணக்கு இப்படித்தான்.

ஒரு வாரிசின் பெயரில் மட்டும் எடுப்பது

எல்லோர் பெயரையும் எழுதுங்கள்.

ரிப்பேர் வேலையைச் சொல்லாமல் தொடங்குவது

வெல்டிங் என்றால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பார்வையாளர்களை மறப்பது

வாங்க வருபவர் உடைந்த படியில் விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் வாங்கிய அன்றே பாலிசியை ரத்து செய்வது

வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டாயிற்று, பத்திரம் இன்னும் ஆகவில்லை. இந்த இடைவெளியில் தீப்பிடித்தால்? இங்கிலாந்தில் சரியாக இதுவே நடந்தது. விற்பவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. அது தனக்குச் சேர வேண்டும் என்று வாங்குபவர் போட்ட வழக்கு 1881-இல் தோற்றது, முழு விலையையும் அவர் கொடுக்க வேண்டியதாயிற்று. விலை முழுதாகக் கிடைத்துவிட்டதால் விற்றவருக்கு நஷ்டமே இல்லை என்று கூறி, கொடுத்த பணத்தை இன்ஷூரன்ஸ் தரப்பு 1883-இல் வழக்காடித் திரும்ப வாங்கியது. இடைக்காலத்தில் நஷ்டம் யார் தலையில் என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்குபவரையும் அன்றே தன் பெயரில் பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். பத்திரம் பதிவாகி, சாவியும் கைமாறிய பிறகு உங்கள் பாலிசியை ரத்து செய்யலாம். மீதி நாட்களுக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.