சர்வர் மூடும் தேதி வந்துவிட்டதா? கில்டைக் கரையேற்றும் வழி

வருடக்கணக்கில் வளர்த்த கேரக்டர் ஒரே நாளில் போய்விடும் என்றால் மனம் ஒப்பாது. எம்எம்ஓ, அதாவது பலர் இணையத்தில் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2011 டிசம்பர் 15-இலும், சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30-இலும் மூடின. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனோ இன்னும் ஓடுகிறது. எது நிலைக்கும் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது. அறிவிப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

நம் கணினியில் இருப்பது படமும் ஒலியும் வரைபடமும்தான். லெவல், பொருட்கள், அரக்கன் எப்போது அடிப்பான் என்ற கணக்கு எல்லாம் விளையாட்டு நிறுவனத்தின் கணினியான சர்வரில் இருக்கின்றன. கேரக்டரை காப்பி எடுக்க வழியே இல்லை. ஆட்களைக் காப்பாற்றலாம், எனவே முதல் வேலை அதுதான்.

கில்ட், அதாவது சேர்ந்து ஆடும் உங்கள் குழுவின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரின் விளையாட்டுப் பெயரையும், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் உள்ள பெயரையும் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். மாதக்கணக்கில் வராதவர்களுக்கு விளையாட்டுக்குள்ளேயே மெயில் போடுங்கள். சர்வர் போனபின் அவர்களைப் பிடிக்க வேறு வழி கிடையாது. வாட்ஸ்அப் குரூப் வேண்டாம். அதில் எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் இருக்கும் கில்டில் அது சரிப்படாது. பதிலாக டிஸ்கார்டில் குழு வையுங்கள் (அங்கே அதையும் சர்வர் என்பார்கள்), அதன் அட்மின் உரிமையை இன்னொருவருக்கும் கொடுத்து வையுங்கள்.

அடுத்தது பணம். மாதச் சந்தாவுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தால், யு.பி.ஐ. ஆப்பிற்குள் போய் மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை, நீங்களே ரத்து செய்யுங்கள். கேமை அன்இன்ஸ்டால் செய்வதால் அது நிற்காது. மூடும் முன் போடும் தள்ளுபடியில் எதையும் வாங்காதீர்கள்.

விளையாட்டை வீடியோவாகப் பதிவு செய்ய ஓ.பி.எஸ். என்ற திரைப்பதிவு மென்பொருள் போதும். 1080பி, 30 ஃபிரேம், 6000 கே.பி.பி.எஸ். வைத்தால் மணிக்குச் சுமார் 2.7 ஜி.பி. ஆகும். ஃபார்மேட்டை எம்.கே.வி. என்று வையுங்கள். சாதாரண எம்.பி.4-இல் பதிவாகும்போது கரண்ட் போனால் முழு ஃபைலும் திறக்காமல் போகும், எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு ஓ.பி.எஸ். ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்து எம்.பி.4-ஆக மாற்றிக்கொள்ளலாம். பெரிய சண்டைகளை எல்லோரும் எடுத்திருப்பார்கள். நீங்கள் கில்ட் ஹாலை மெதுவாகச் சுற்றி வாருங்கள், சுவரில் மாட்டிய கொடிவரை. பொருட்கள், ஸ்கில் பார் (திறன் பொத்தான்களின் வரிசை) இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டின் மாடியில் கொடுத்து வையுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க வேண்டாம்.

கடைசி இரவுக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். கலிபோர்னியா நேரப்படி நவம்பர் 30 நள்ளிரவோடு மூடுகிறது என்றால், புதுச்சேரியில் அது டிசம்பர் 1 மதியம் 1:30. கோடை மாதங்களில் 12:30 ஆகும். கொரிய நேரம் என்றால் அதே 30-ஆம் தேதி இரவு 8:30.

நவம்பர், டிசம்பர் நமக்குப் புயல் காலம். 2024 நவம்பர் 30-இல்தான் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், 250 வாட் இழுக்கும் கணினி சுமார் நாலு மணி நேரம் ஓடும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள். கேபிள்காரர் பக்கம் கரண்ட் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். விளையாட்டு அதிக டேட்டா தின்னாது. பேட்ச் எனும் அப்டேட்தான் தின்னும், அதை முந்தைய நாளே இறக்கிவிடுங்கள்.

ரசிகர்கள் நடத்தும் சர்வர் பின்னால் வரலாம். சிட்டி ஆஃப் ஹீரோஸின் ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் நிறுவனமே உரிமம் தந்தது. அப்படி உரிமம் கிடைப்பது அபூர்வம். உரிமமில்லாத சர்வரில் சேர்ந்தால் பழைய பாஸ்வேர்டைப் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.

புது விளையாட்டுக்குப் போகுமுன் சிங்கப்பூரில் சர்வர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பா மட்டும்தான் என்றால் சண்டையில் உங்கள் அடி தாமதமாகவே விழும். முதல் மாதம் ஐந்தாறு பேரை மட்டும் அனுப்புங்கள். அவர்கள் நிலைத்தால் மற்றவர்களைக் கூப்பிடலாம்.