கிகாபிட் சுவிட்சும் ஏறாத வேகமும்

பழைய மேசைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி வீட்டு சர்வராக்கி, நொடிக்கு 1000 மெகாபிட் வரை கடத்தும் கிகாபிட் சுவிட்சையும் (கணினிகளைக் கேபிள்களால் இணைக்கும் கருவி) இணைத்த பின்னரும், கோப்புகள் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் நகரவில்லை. இத்தகைய நேரங்களில் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிப்பதே வழக்கம். எனினும், 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், அந்த 11 என்ற எண்ணே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பின் நடைமுறை உச்சவரம்பைக் காட்டிக்கொடுத்தது. இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையும் அதை உறுதிசெய்தது. 100 மெகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடிகள் போதும், கிகாபிட்டுக்கோ நான்கு ஜோடிகளும் வேண்டும் என்பதால், 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொடர்பிழந்தால் பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் இணைப்பைத் துண்டிக்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கின்றன (முற்றிலும் துண்டித்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்!). ஒவ்வொரு கம்பியையும் சோதிக்கும் கேபிள் டெஸ்டரில், பழுப்பு ஜோடியின் ஒரு கம்பிக்கான 7ஆம் விளக்கு எரியவில்லை. முனையை வெட்டி, டி568பி என்ற கம்பி நிற வரிசையில் புதிய ஆர்ஜே45 கனெக்டரை (கேபிள் முனைச் செருகி) கிரிம்ப் செய்ததும், அதாவது அழுத்திப் பொருத்தியதும், வேகம் நொடிக்கு 110 மெகாபைட்டைத் தொட்டது.