நகர இலச்சினையைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிப்பன் மாளிகையின் எதிரே நின்று மாணவர்களுக்கு நகர இலச்சினைகளைப் பற்றி விளக்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் அச்சுப்பிசகாமல் செய்வதைக் காண்கிறேன். புலி சோழருக்கும் மீன் பாண்டியருக்கும் வில் சேரருக்கும் உரியவை என்பதில் எவரும் தடுமாறுவதில்லை. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

வலமும் இடமும்

ஐரோப்பிய இலச்சினை மரபில் கேடயத்தின் வலம் என்பது அதை ஏந்தி நிற்பவரின் வலமே. எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்காக இலண்டன் மாநகர இலச்சினையின் விளக்கத்தைத் தமிழில் எழுதினேன். வெள்ளைக் கேடயத்தில் செஞ்சிலுவையும், முதற் கால்பகுதியில், அதாவது ஏந்துபவரின் வலப்புற மேல் காற்பங்கில், நிமிர்ந்த செவ்வாளும் அதில் உண்டு. முதற் கால்பகுதி என்றிருந்ததை, தெளிவுக்காக என்றெண்ணி, ‘வலது மேற்பகுதி’ என்று நான் விரித்தெழுத, ஓவியரும் அதை நம்பி வாளை நம் வலக்கைப் பக்கமாக வரைந்துவிட்டார். 500 படிகள் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திறங்கிய பிறகே பிழை தெரிந்தது. மறு அச்சுச் செலவு என் தலையில் விழுந்தது. பணம் போனதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறு. உமையொருபாகன் திருவுருவில் இறைவனின் இடப்பாகத்தில் உள்ள அம்மை, வணங்கி நிற்பவருக்கு வலப்பக்கத்தில் தெரிவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு கேடயத்தின் முன் அது நினைவுக்கு வரவில்லையே! இப்போதெல்லாம் ‘ஏந்துபவரின் வலம், பார்ப்பவரின் இடம்’ என்று இரண்டையும் எழுதி, அம்புக்குறியிட்ட படத்தையும் சேர்த்தே ஓவியரிடம் கொடுக்கிறேன்.

பின்னால் ஒட்டிய கதை

அதே வாளை, 1381இல் ஆங்கில உழவர் கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலரைத் தாக்கிய இலண்டன் மேயர் வால்வொர்த்தின் குத்துவாள் என்று பலர் சொல்வதுண்டு. டைலர் இறந்தது அவ்வாண்டு ஜூனில். இலச்சினையோ ஏப்ரலிலேயே வழக்கில் இருந்தது. அது நகரின் காவற் புனிதரான பவுலின் வாள். கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் முதலில் ஆண்டையும் மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறங்கள்

‘சிவப்பு என்றால் வீரம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஆண்டு

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது என்பது இலச்சினையின் வயதுக்குச் சான்றாகாது.

கோடுகள்

வண்ணமில்லா அச்சிலும் செதுக்கலிலும் நெடுக்குக் கோடுகள் சிவப்பையும், கிடைக்கோடுகள் நீலத்தையும், புள்ளிகள் பொன்னிறத்தையும் காட்டும். பழைய படத்தைப் பார்த்து வண்ணத்தில் வரைபவர் இவற்றை வெறும் நிழலென்று கருதி அழித்துவிட்டால், அடுத்து வருபவர் அந்தப் படத்திலிருந்து நிறத்தை அறிய வழியிராது.